ஹைப்போவும் மீன்தொட்டியும்

"மீன்தொட்டித் தண்ணீருக்குப் போடுகிற மருந்தில் எது மலிவு?" வளர்ப்பு மீன் விற்கும் கடை எதிலாவது பத்து நிமிடம் நின்றால் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது காதில் விழும். நியாயமான கேள்விதான். கடைக்காரர் சொல்லும் விடையும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மிகச் சிறிய போத்தலை எடுத்து நீட்டுவார். விலையில் குறைந்தது அதுதான். கேட்டவரும் திருப்தியோடு வாங்கிக்கொண்டு போவார். அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது, அது எத்தனை லீற்றர் தண்ணீருக்குக் காணும், தம் வீட்டுத் தண்ணீருக்கு அது தேவைதானா என்று எவரும் விசாரிப்பதில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவனுக்கு ஓய்வுபெற்ற பின்னும் விட்டுப்போகாத பழக்கம் ஒன்று உண்டு. அச்சிட்ட எதையும் கடைசி வரிவரை வாசிப்பது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுப் பிரசுரத்தைக்கூட விடுவதில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். மாத்தளையில் குடியேறிய பின்னர் 60 லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினோம். பேரனுக்காக வாங்கியது. (தாத்தாமார் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்!) பேரன் இப்போது கிரிக்கெட் மட்டையோடு திரிகிறான். வாரந்தோறும் தண்ணீர் மாற்றுவது நான்தான். ஆகவே போத்தல்களின் மேல் ஒட்டியிருக்கும் தாளை வாசிக்கும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழ்பவன், ஒரு போத்தலுக்குக் கொடுக்கும் காசுக்குக் கணக்குப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் குழாய்த் தண்ணீரைப் பார்ப்போம். குடிநீரில் கிருமி வளராமல் இருக்கக் குளோரீன் சேர்க்கிறார்கள். வீட்டுக் குழாயை வந்தடையும்போதும் அதில் சிறிதளவு எஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. உலக சுகாதார நிறுவனம் அந்த எச்சம் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614, சுயாதீனக் குளோரீனுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. நமக்கு இது ஒன்றும் செய்யாது. காலையில் குழாயைத் திறந்ததும் வரும் அந்த நெடியைத் தவிர வேறெதையும் நாம் உணர்வதில்லை.

மீனின் நிலை வேறு. நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். மீன் தண்ணீரைச் சுவாசிக்கிறது. அதன் பூக்களில் இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்றுதான் இருக்கிறது. குளோரீன் அதை எரித்துவிடும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நன்னீர் உயிரினங்களுக்காக 1980களில் வகுத்த அளவுகோலின்படி, குறுகிய நேரத்துக்குத் தாங்கக்கூடிய குளோரீன் லீற்றருக்கு 0.019 மில்லிகிராம். அதாவது மனிதருக்கு 'குறைந்தபட்சம் இருக்க வேண்டும்' என்று சொல்லப்படும் அளவே மீனுக்குப் பத்து மடங்கு அதிகம். மழைக்காலத்தில் ஆறுகளும் ஓடைகளும் கலங்கி ஓடும்போது சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்க்க வேண்டிய குளோரீனின் அளவும் கூடுகிறது. சென்ற மாதம் ஒன்றும் நடக்கவில்லையே என்ற தைரியத்தில் இந்த மாதமும் குழாய்த் தண்ணீரை நேரே தொட்டியில் விடுவது எல்லாக் காலத்திலும் பலிக்காது.

இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு சிறுமி காரணம். அயல்வீட்டு ஆசிரியரின் மகள். பத்து வயது. தீபாவளிக்குக் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து எட்டுத் தங்கமீன்கள் வாங்கியிருந்தாள். கடையில் மீனோடு ஒரு சிறிய நீலப் போத்தலும் கொடுத்து, தண்ணீர் மாற்றும்போது சில துளிகள் விட்டால் போதும், தண்ணீரில் உள்ள நஞ்செல்லாம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை தொட்டியை முழுதாகக் கழுவி, குழாய்த் தண்ணீர் நிரப்பி, சொன்னபடியே நீலத் துளிகளை எண்ணி விட்டாள். ஞாயிறு விடிந்தபோது எட்டும் மிதந்தன.

அன்று பின்னேரம் தகப்பனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த மீன்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "நான் தண்ணி மாத்துனதாலதானே செத்துச்சு, தாத்தா?" என்று கேட்டாள். ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதும் இல்லை என்பதும் இரண்டுமே முழு உண்மையல்ல. போத்தலைக் கொண்டுவரச் சொன்னேன்.

அதில் ஒட்டியிருந்த தாளில் ஒரு மீனின் படமும் ஒரு பெயரும் இருந்தன. என்ன இரசாயனம், எத்தனை லீற்றருக்கு எவ்வளவு, எப்போது காலாவதியாகும் என்று ஒரு எழுத்தும் இல்லை. விரலில் பட்டால் இரண்டு நாளுக்குப் போகாத அந்த நீலத்தைப் பார்த்தால் மெதிலீன் நீலமாகவே இருக்க வேண்டும். மெதிலீன் நீலம் கெட்ட பொருளல்ல. மீன் முட்டையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும் சில நோய்களுக்கும் தனித் தொட்டியில் வைத்துப் பயன்படுத்துவார்கள். குளோரீனை நீக்குவது அதன் வேலையல்ல. அது மட்டுமல்லாமல், தொட்டியின் வடிகட்டியில் குடியிருந்து கழிவை மாற்றித்தரும் நல்ல பக்டீரியாக்களையும் அது கெடுத்துவிடும். தலைவலிக்குத் தைலம் கேட்டவனுக்குக் கால்வெடிப்புக் களிம்பைக் கொடுத்த கதைதான். எங்கள் ஊர்க் கடை ஒன்றை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நீலப் போத்தல், மஞ்சள் போத்தல், நிறமற்ற போத்தல் மூன்றையும் 'தண்ணீர் மருந்து' என்ற ஒரே பெயரில் விற்பதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். சென்னையில் ஒரு மீன் சந்தையிலும் இதே கதைதான்.

சரி, குளோரீனை நீக்குவது எது? நிறமற்ற போத்தலில், 'அன்ரி குளோரீன்' என்ற பெயரோடு வருவது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல். இந்தப் பெயரைத் தாளில் முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய பத்திரிகைக்காரர் எவருக்கும் இது அந்நியமான பொருளே அல்ல. எங்கள் அலுவலக இருட்டறையில் மூட்டையாக வாங்கி வைத்திருந்த 'ஹைப்போ'தான் அது!

இன்றைய தலைமுறைக்கு இருட்டறை என்றால் என்னவென்று சொல்லத்தான் வேண்டும். படச்சுருளை உருத்துலக்கி, பிறகு ஹைப்போக் கரைசலில் போட்டால்தான் படம் நிலைக்கும். ஒளிபடாத வெள்ளி உப்பை அது கரைத்து நீக்கிவிடும். 1819இல் இந்தக் குணத்தைக் கண்டறிந்தவர் ஆங்கில விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல். புகைப்படக் கலை பிறந்த 1839இல் அவரே அதைப் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அக்காலத்தில் வைத்த பெயரின் சுருக்கமே ஹைப்போ. பார்வைக்குக் கற்கண்டு போல இருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் எங்கள் படப்பிடிப்பாளர்கள் அதை நீட்டி விளையாட்டுக் காட்டுவதுண்டு. நள்ளிரவுப் பதிப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஹைப்போ போகக் கழுவாமல் ஈரத்தோடு கொண்டுவந்து தரும் படங்கள், சில மாதங்களில் கோப்புக்குள் மஞ்சளாகிக் கிடக்கும். அது வேறு கதை.

துணியையும் காகிதக் கூழையும் குளோரீனால் வெளிற்றிய ஆலைகள், மிஞ்சிய குளோரீன் துணியை அரிக்காமலிருக்க இதே ஹைப்போவைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பயன்படுத்தி வந்தன. அன்ரி குளோரீன் என்ற கடைப்பெயருக்கு மூலமும் அங்கேதான் இருக்கிறது. ஆக, மீன் கடையில் விற்கப்படும் சின்னப் போத்தலுக்குள் இருப்பது புதுமையான கண்டுபிடிப்பு எதுவுமல்ல. இருநூறு ஆண்டுகளாக உலகம் அறிந்த, கிலோக் கணக்கில் விற்பனையாகும் ஒரு மலிவான உப்பு.

இனிக் கணக்குக்கு வருவோம். என் தொட்டியில் வாரத்துக்கு மூன்றிலொரு பங்கு, அதாவது 20 லீற்றர் தண்ணீர் மாற்றுகிறேன். வருடத்துக்கு 1,040 லீற்றர். உலகெங்கும் விற்பனையாகும் இரண்டு போத்தல்களின் தாள்களை எடுத்துக்கொள்வோம். ஏபிஐ நிறுவனத்தின் ஸ்ட்ரெஸ் கோட் 10 அமெரிக்கக் கலனுக்கு, அதாவது 38 லீற்றருக்கு, 5 மில்லிலீற்றர் விடச் சொல்கிறது. சீகெம் நிறுவனத்தின் பிரைம் 200 லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் போதும் என்கிறது. 100 மில்லிலீற்றர் போத்தல் என்றால் முன்னது 760 லீற்றருக்குக் காணும்; பின்னது 4,000 லீற்றருக்குக் காணும். முன்னதில் கற்றாழைச் சாறு போன்றவையும் சேர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். காயப்பட்ட மீனுக்கு அது வேண்டும் என்று நினைப்பவர் அதற்குக் காசு கொடுப்பது அவர் விருப்பம். ஒரு பேச்சுக்கு முதலாவது 800 ரூபா, இரண்டாவது 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடையில் நிற்கும்போது 800தான் மலிவாகத் தெரியும். லீற்றருக்குக் கணக்குப் போட்டால் முதலாவதில் ஒரு ரூபாவுக்குச் சற்று மேல். இரண்டாவதில் ஐம்பது சதம். விலைச்சீட்டைப் பார்க்காமல் 'இந்தப் போத்தல் எத்தனை லீற்றரைச் சுத்தமாக்கும்' என்று பார்க்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லித்தர மாட்டார். சில நல்ல கடைக்காரர்கள் சொல்வார்கள். அப்படியொருவரைக் கண்டால் கடையை மாற்றாதீர்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரை வாளியில் பிடித்து, அதிலேயே மருந்தைக் கலந்து, பிறகு தொட்டியில் ஊற்றினால் 20 லீற்றருக்கு உரிய அளவே போதும். குழாயை நேரே தொட்டிக்குள் விட்டு நிரப்புபவர்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவான 60 லீற்றருக்கும் மருந்து போட வேண்டும். சோம்பலுக்கு மூன்று மடங்கு விலை! வாளி தூக்கினால் முதுகு வலிக்கும் என்பது வேறு விடயம்.

2022 வரை இந்தக் கணக்கையெல்லாம் நானும் அவ்வளவாகப் போட்டதில்லை. அந்த வருடம் மார்ச்சில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மாற்று விகிதம் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிப் பொருள்கள் கடைகளிலிருந்து மறைந்தன. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நிற்கும் நாட்டில் மீன்தொட்டி மருந்து கிடைக்கவில்லையே என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது. ஆயினும் தொட்டிக்குள் இருந்த உயிர்களுக்கு நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பற்றி என்ன தெரியும்? நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த அந்த நாட்களில் காற்றுக்குமிழி இயந்திரம் நின்றுபோக, ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். இருட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் நானும் பேரனும் மாறி மாறி. அவன் அந்த வருடத்தில்தான் கடிகாரம் பார்க்கப் படித்தான்.

அப்போதுதான் பழைய இருட்டறை நினைவு கைகொடுத்தது. பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு இரசாயனப் பொருள் விற்கும் ஒரு கடையைக் கண்டியில் தேடிப்பிடித்து, சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கு 100 கிராம் வாங்கினேன். கடைக்காரர், "ஐயா, படம் கழுவவா?" என்று கேட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

செய்முறை இதுதான். 10 கிராம் பளிங்கை நிறுத்து, 100 மில்லிலீற்றர் வடித்த நீரில் அல்லது கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். வீட்டில் நுண்தராசு இல்லாவிட்டால் நகைக்கடைக்காரரிடம் சிநேகம் இருப்பது நல்லது. இந்தக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு மில்லிகிராம் குளோரீனை ஐயமற நீக்க ஏறக்குறைய 7 மில்லிகிராம் தயோசல்பேற்று வேண்டும் என்பது மீன் பண்ணைகளில் கைக்கொள்ளும் கணக்கு. 10 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர் விட்டால் லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. குளோரீன் மேல்வரம்பான 1 மில்லிகிராமாகவே இருந்தாலும் சமாளித்துவிடும். என் 20 லீற்றர் வாளிக்கு 2 மில்லிலீற்றர். பாமசியில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு அளவெடுக்கப் போதும். விட்டுக் கலக்கினால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

100 கிராம் பளிங்கு இந்தக் கணக்கில் 10,000 லீற்றருக்கு வரும். எனக்கு ஒன்பதரை வருடம்! ஆனால் முழுவதையும் ஒரேயடியாகக் கரைத்து வைக்கக் கூடாது. கரைசல் நாளடைவில் சிதைந்து, அடியில் வெண்மஞ்சளாகக் கந்தகம் படியும். கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். வெளிச்சம் படாத பழுப்புப் போத்தலில் கரைசலும், இறுக மூடிய போத்தலில் பளிங்கும் இருக்கட்டும். இரண்டின் மேலும் பெயரும் திகதியும் எழுதி, குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். கொஞ்சம் கூடிப்போனால் மீனுக்கு ஆபத்தில்லை. அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கும் என்பார்கள். பழைய புகைப்படக் கடைகளில் மிஞ்சிக்கிடக்கும் 'பிக்சர்' தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஹைப்போவோடு அமிலமும் வேறு உப்புகளும் கலந்திருக்கும்.

பணமே செலவழிக்காத வழியும் இருக்கிறது. வாய் அகன்ற வாளியில் தண்ணீரைப் பிடித்து ஒரு பகல், ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரீன் தானாகவே வெளியேறிவிடும். வெயிலும் காற்றுக்குமிழியும் இருந்தால் இன்னும் விரைவு. எங்கள் அம்மா காலத்துக் கண்ணாடிச் சாடி மீன்கள் எல்லாம் இப்படித்தான் பிழைத்தன. ஆனால் வாளியை மறந்து ஒரு வாரம் முற்றத்தில் விட்டுவிட்டால் நுளம்பு முட்டையிடும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் வரலாம். டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்ணில் முதலில் படுவது வாளிதான்.

அப்படி எங்கள் ஒழுங்கைக்கு வந்த பரிசோதகர் ஒருவரிடம்தான் குளோரீன் பார்க்கும் கருவியைக் கண்டேன். கையடக்கமான ஒரு பெட்டி, இரண்டு சிறு குழல்கள், ஒரு மாத்திரை. அயல்வீட்டுச் சிறுமியையும் கூப்பிட்டேன். குழாய்த் தண்ணீரில் மாத்திரையைப் போட்டதும் இளஞ்சிவப்பு நிறம் வந்தது. அதே தண்ணீரில் முதலில் ஒரு துளி ஹைப்போ விட்டுக் கலக்கிவிட்டுப் பிறகு மாத்திரையைப் போட்டார், நிறமே வரவில்லை. நீலத் துளி விட்ட தண்ணீரையும் பார்க்கச் சொன்னாள். அது நிறத்தை வைத்துச் செய்யும் சோதனை என்பதால் அதில் பயனில்லை என்று பரிசோதகர் விளக்கினார். இளஞ்சிவப்புக் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "இது கண்ணுக்குத் தெரியாதே, தாத்தா" என்றாள். தெரியாதுதான். தெரிந்திருக்க வேண்டியவர்கள், அவளிடம் காசு வாங்கியவர்கள்.

கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்களுக்கு இவை ஒன்றுமே தேவையில்லை. கிணற்றில் குளோரீன் இல்லை. ஆகவே மருந்துக்குக் கொடுக்கும் காசு வீண். தம்புள்ளை, நாவுல பக்கத்தில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கடின நீரைக் கண்டு பயந்து, அதை மென்மையாக்கப் போத்தல் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கப்பி, மொலி போன்ற குட்டிபோடும் மீன்களுக்குக் கடின நீரே பிடிக்கும். தண்ணீரை மாற்றுவதைவிட அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது மலிவு. (அம்பன் கங்கையில் வாழும் அழகான மீன்களைப் பிடித்து வந்து வளர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 1991இல் விஞ்ஞானிகள் விவரித்த மார்ட்டன்ஸ்டின் கெண்டை போன்றவை உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. தயவுசெய்து அவற்றை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.)

ஆனால் கிணற்றிலும் குளோரீன் இருக்கும் காலம் ஒன்று உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது மாத்தளை மாவட்டமும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அடிபட்டது. வெள்ளம் புகுந்த கிணறுகளை இறைத்து, வெளிற்றும் தூள் இட்டுச் சுத்தம் செய்வது இத்தகைய வேளைகளில் வழமை. அந்தத் தூளிலிருந்து வரும் குளோரீன், குழாய் நீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு. வீடிழந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டிய வேளையில் மீன் எதற்கு என்று கேட்கலாம். சரிதான். ஆனாலும் நுளம்புக்காகக் கிணற்றில் கப்பி விட்டு வைத்திருப்பவர்கள், தூள் இடுமுன் அவற்றைப் பிடித்து வேறிடத்தில் வைத்து, கிணறு மீண்டும் குடிக்கத் தகும் என்று பரிசோதகர் சொன்ன பிறகும் தண்ணீரைச் சில நாள் வாளியில் ஆறவிட்டுப் பார்த்துவிட்டு விட்டால் அந்த உயிர்களும் பிழைக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நான் மேலே சொன்னவை குளோரீன் மட்டும் சேர்க்கப்படும் ஊர்களுக்கு உரியவை. ரொறன்ரோவிலும், லண்டனின் பெரும்பகுதியிலும், சிட்னியின் பல பகுதிகளிலும் குழாய் நீரில் இருப்பது குளோரமைன். குளோரீனோடு அமோனியாவும் சேர்த்து உண்டாக்குவது. நீண்ட குழாய்களில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதே காரணத்தால் வாளியில் ஓரிரவு வைத்தாலும் போகாது. ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் ஊர்ப் பழக்கத்தில் வாளியில் ஆறவிட்டு ஊற்றிக்கொண்டிருந்தான். அங்கே அது வீண் காத்திருப்பு. ஹைப்போ குளோரமைனையும் உடைக்கும், ஆனால் உடைந்ததும் அமோனியா தண்ணீரில் மிஞ்சும். வடிகட்டி நன்றாகப் பழகிய தொட்டியானால் பக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடும். புதுத் தொட்டியானால் மீனுக்கு ஆபத்து. அத்தகைய ஊர்களில் அமோனியாவையும் கட்டிவைக்கும் என்று தாளில் குறிப்பிட்டிருக்கும் செறிவான மருந்துக்குக் காசு கொடுப்பதுதான் சிக்கனம். உங்கள் தண்ணீரில் எது சேர்க்கிறார்கள் என்பதை நீர் வழங்கும் நிறுவனத்திடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எந்த மருந்தும் செய்யாத காரியம் ஒன்றும் இருக்கிறது. புதுத் தொட்டியில் முதல் நாளே எட்டு மீனை விட்டால், குளோரீன் இல்லாவிட்டாலும் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவே அவற்றைக் கொல்லும். அதை மாற்றித்தரும் பக்டீரியா பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொட்டியை முழுதாகக் கழுவினால் அந்தப் பக்டீரியாவும் போய்விடும். கழுவிய வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினாலும் அதே கதிதான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலச வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதனால்தான் எவரும் சொல்லித்தருவதில்லை போலும்.

அந்தச் சிறுமிக்கு இம்முறை தங்கமீன் வேண்டாம் என்று தகப்பனே சொல்லிவிட்டார். எங்கள் தொட்டியில் பெருகிய கப்பிக் குட்டிகளில் ஆறைக் கொடுத்தேன். கூடவே எங்கள் வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சும், பழுப்புப் போத்தலில் 50 மில்லிலீற்றர் ஹைப்போவும், ஒரு சிரிஞ்சும். போத்தலின் மேல் ஒட்டுவதற்கான தாளை அவளே எழுதினாள். பொருளின் பெயர், கரைத்த திகதி, 10 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. மேசையில் இருந்தால் திருத்தியிருப்பேன், இதைத் திருத்தவில்லை.